மூன்று மாட்டுக்கு எவ்வளவு பெரிய சாண எரிவாயுக் கலன்?

கேள்வி: "எங்களிடம் இரண்டு கலப்பினக் கறவை மாடும் ஒரு நாட்டு மாடும் இருக்கின்றன. வீட்டில் ஐந்து பேர். வருடத்துக்கு ஆறு சிலிண்டர் வாங்குகிறோம்; மீதிச் சமையல் முந்திரி மிலாறிலும் வறட்டியிலும்தான். சாண எரிவாயுக் கலன் அமைக்க ஆசை. ஊருக்கு வந்த ஒருவர், 3 கன மீட்டர் கலன் போட்டால் மானியம் கூடுதலாகக் கிடைக்கும், மொத்தச் செலவு 60,000 ரூபாய் என்கிறார். மானியம் போக 45,000 ரூபாய் நாங்கள் போட வேண்டுமாம். கையில் பணம் இல்லை. நகையை அடகு வைத்துக் கட்டலாமா?"
– விருத்தாசலம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி.

பதில்: நகையை அடகு வைக்க வேண்டாம். 3 கன மீட்டர் கலனும் வேண்டாம். ஆனால் சாண எரிவாயு என்ற யோசனையைக் கைவிடவும் வேண்டாம். இந்தக் குடும்பத்துக்கு ஏற்ற அளவு 1 கன மீட்டர். அதற்கான காரணத்தையும் கணக்கையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். மாடு வைத்திருக்கும் எல்லாக் குடும்பத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும். எண்களை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாட்டை எண்ணாதீர்கள், சாணத்தை நிறுங்கள்

கலனுக்குத் தீனி சாணம்தான். 25 கிலோ புதுச் சாணம் ஒரு நாளைக்குச் சுமார் 1 கன மீட்டர் எரிவாயு தரும். 2 கன மீட்டர் வேண்டுமானால் 50 கிலோ, 3 கன மீட்டர் வேண்டுமானால் 75 கிலோ தினமும் போட வேண்டும். சாணம் குறைந்தால் வாயுவும் குறையும். பெரிய கலன் கட்டிவிட்டதால் சாணம் கூடுதலாக வாயு தராது.

வளர்ந்த மாடு ஒன்று நாளைக்கு 10 கிலோ சாணம் போடும் என்பது பொதுக்கணக்கு. கொட்டகையிலேயே கட்டித் தீனி போடும் கலப்பினக் கறவை மாடும் எருமையும் இதைவிடக் கூடுதலாகப் போடும். ஆனால் காலையில் அவிழ்த்துவிட்டு மாலையில் கட்டும் மாட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதன் சாணத்தில் பாதிக்கு மேல் முந்திரித் தோப்பிலும் ஏரிக்கரையிலும் விழுந்துவிடும். இரவில் கொட்டகையில் விழுவது நாலைந்து கிலோதான்.

அதனால் கலனைப் பற்றி யாரிடமும் பேசுவதற்கு முன் ஏழு நாள் சாணத்தை நிறுத்துப் பார்க்க வேண்டும். தராசு இல்லாவிட்டால் 10 லிட்டர் வாளி போதும். ஒரு வாளி நிறையப் புதுச் சாணம் ஏறக்குறைய 10 கிலோ. ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்தால் கிடைப்பதுதான் உண்மையான வரவு. கேள்வி கேட்ட வாசகியின் வீட்டில் இரண்டு கறவை மாட்டுக்கும் சேர்த்து 23 கிலோ, மேய்ச்சல் மாட்டுக்கு 5 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 28 கிலோ. இது 1 கன மீட்டர் கலனுக்குச் சரியாக இருக்கும். 3 கன மீட்டர் கலனுக்கு இது பாதிச் சாணம்கூட இல்லை.

தேவை எவ்வளவு?

சமையலுக்கு ஒரு ஆளுக்கு நாளைக்குச் சுமார் 0.25 கன மீட்டர் வாயு வேண்டும். ஐந்து பேருக்கு 1.25 கன மீட்டர். 28 கிலோ சாணத்தில் கிடைப்பது 1.1 கன மீட்டர் அளவு. ஆக, அன்றாடச் சமையலில் பெரும்பகுதி இதிலேயே முடிந்துவிடும். விருந்தாளி வந்தாலோ, மாடு சினைக்காலத்தில் தீனி குறைத்தாலோ கைக்கு உதவ ஒரு சிலிண்டரை வைத்துக்கொள்ள வேண்டும். "இனி சிலிண்டரே வேண்டாம்" என்று விற்பனைக்காரர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

சிறிய அடுப்பு ஒன்று மணிக்குச் சுமார் 225 லிட்டர் வாயுவை எரிக்கும். 1 கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். எனவே ஒரு அடுப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் எரியும். காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

சிலிண்டரோடு ஒப்பிட்டால், 1 கன மீட்டர் சாண எரிவாயு ஏறக்குறைய 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஈடாக 32 கன மீட்டர் வேண்டும். ஒரு மாதம் ஒழுங்காகச் சாணம் போட்டால் ஒரு சிலிண்டர் அளவு கிடைக்கும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

காசு கணக்கு

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வருடத்துக்குப் பத்து சிலிண்டர் மிச்சம் என்று விளம்பரத்தில் சொல்வார்கள். வாயுவின் அளவைப் பார்த்தால் அது சரிதான். ஆனால் இந்தக் குடும்பம் காசு கொடுத்து வாங்குவது ஆறு சிலிண்டர்தான். மீதி, தோப்பில் பொறுக்கிய மிலாறு. அதற்குக் காசு போகவில்லை. உழைப்பும் புகையும்தான் போகின்றன. கையில் மிஞ்சும் பணத்தைக் கணக்குப் போடும்போது கையை விட்டுப் போகும் பணத்தை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உதாரணத்துக்குச் சிலிண்டர் ஒன்று 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சிலிண்டர் குறைந்து, ஒன்றைக் கைக்காவலுக்கு வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 4,500 ரூபாய் மிச்சம். ரப்பர் குழாய், வால்வு, சில்லறைப் பழுது என்று 500 ரூபாய் ஒதுக்கினால் நிகரம் 4,000 ரூபாய்.

60,000 ரூபாய்க் கலனைக் கட்ட நகையை வைத்து 45,000 ரூபாய் வாங்கினால், நூற்றுக்கு 9 ரூபாய் வட்டியில் வருடத்துக்கு வட்டி மட்டும் 4,050 ரூபாய். கலன் தரும் மிச்சம் முழுவதும் வட்டிக்கே போகும். அதற்கும் 50 ரூபாய் கையிலிருந்து போட வேண்டும். அசல் அப்படியே நிற்கும். நகை திரும்ப வராது. சாணம் 28 கிலோதான் என்பதால், 3 கன மீட்டர் கலன் கட்டினாலும் இந்த மிச்சம் ஒரு ரூபாய்கூட உயராது.

இதையே 1 கன மீட்டர் கலனுக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்தச் செலவு 30,000 ரூபாய், மானியம் 9,800 ரூபாய் என்றால் குடும்பம் போட வேண்டியது 20,200 ரூபாய். நிகர மிச்சம் 4,000 ரூபாய் என்றால் ஐந்து வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். நன்றாகக் கட்டிய செங்கல் கலன் அதற்குப் பிறகும் பல வருடம் உழைக்கும். 30,000 என்பது கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகை. உள்ளூர்ச் செங்கல், சிமெண்ட், கொத்தனார் கூலியை விசாரித்து அந்த இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆறு வருடத்துக்குள் பணம் திரும்பவில்லை என்றால் கலனின் அளவையோ மாடலையோ மாற்றிப் பார்க்க வேண்டும்.

மானியம்

மத்திய அரசின் தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தில் நாளைக்கு 1 முதல் 25 கன மீட்டர் வரையிலான சிறு கலன்களுக்கு மானியம் உண்டு. 2022 நவம்பரில் வந்த வழிகாட்டுதலின்படி, கலனின் அளவைப் பொறுத்து 9,800 ரூபாய் முதல் 70,400 ரூபாய் வரை மானியம் நிர்ணயிக்கப்பட்டது. இந்தத் திட்டத்தின் காலம் 2021-22 முதல் 2025-26 வரை. எனவே கட்டத் தொடங்கும் நேரத்தில் எந்த விகிதம் நடப்பில் இருக்கிறது, பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்குக் கூடுதல் தொகை எவ்வளவு, அந்த வருட ஒதுக்கீடு மீதம் இருக்கிறதா என்ற மூன்றையும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொதுவாக மானியம் கலன் கட்டி முடித்து ஆய்வு நடந்த பிறகுதான் வரும். முன்பணமாக வராது. அங்கீகரிக்கப்பட்ட மாடலுக்கு மட்டுமே கிடைக்கும். அனுமதி கையில் வராமல் குழி தோண்டக் கூடாது.

இன்னொன்று: மானியம் கூடுதல் என்பதற்காகப் பெரிய கலன் கட்டுவது, தள்ளுபடி இருக்கிறது என்று அளவு பொருந்தாத சட்டையை வாங்குவது போலத்தான். மானியம் ஒரு முறை வரும். சாணம் தினமும் வேண்டும்.

எந்த மாடல்?

நம் நாட்டுக் கிராமங்களில் மூன்று வகைக் கலன்கள் நடப்பில் உள்ளன.

முதலாவது, மிதக்கும் மூடி உள்ள கலன். 1950களில் ஜஷ்பாய் படேல் வடிவமைத்தது. பின்னர் காதி கிராமத் தொழில் ஆணையம் எடுத்து நாடெங்கும் பரப்பியது. "காதி மாடல்" என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். வாயு சேரச் சேர மூடி மேலே எழும். எவ்வளவு வாயு இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். அழுத்தம் சீராக இருக்கும். குறை, இரும்பு மூடி துருப்பிடிக்கும். வருடந்தோறும் பெயின்ட் அடிக்க வேண்டும். விலையும் அதிகம். இப்போது கண்ணாடி நார் மூடியும் கிடைக்கிறது, அது துருப்பிடிக்காது.

இரண்டாவது, தீனபந்து. அப்ரோ என்ற தொண்டு நிறுவனம் 1984இல் கொண்டுவந்தது. "ஏழையின் நண்பன்" என்று பொருள். இரும்பு மூடி கிடையாது. கலன் முழுவதும் செங்கல்லும் சிமெண்டும்தான். பந்தை வெட்டி ஒட்டியது போன்ற வடிவம் என்பதால் சுவரின் பரப்பு குறைந்து செலவும் குறைகிறது. 2 கன மீட்டர் கலனுக்குச் சுமார் 1,000 செங்கல்லும் 14 முதல் 16 மூட்டை சிமெண்டும் ஆகும். 1 கன மீட்டருக்கு இதைவிடக் குறைவு. மண்ணுக்கு அடியில் இருப்பதால் வெயிலும் மழையும் பாதிக்காது. குறை, பழகிய கொத்தனார் கட்டாயம் வேண்டும். கவிகையில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வாயு முழுவதும் கசிந்து போகும். விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள செம்மண் பூமி இதற்கு ஏற்றது. கோடையில் பாளமாக வெடிக்கும் களிமண் நிலத்திலும், மழைக்காலத்தில் நீர் ஊறி மேலே வரும் இடத்திலும் யோசித்துத்தான் கட்ட வேண்டும்.

மூன்றாவது, பை கலன். கெட்டியான பிளாஸ்டிக் துணியால் ஆன நீளப் பை. தோண்டிய குழியில் விரித்து ஒரே நாளில் பொருத்திவிடலாம். வாடகை நிலத்தில் இருப்பவர்களுக்கும் கொட்டகையை மாற்றும் எண்ணம் உள்ளவர்களுக்கும் இது வசதி. கார்பன் வரவு நிதியைக் கொண்டு சில நிறுவனங்கள் இதைக் குறைந்த விலைக்குக் கொடுக்கின்றன. அப்படி வாங்கும்போது ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, எத்தனை வருடம் உத்தரவாதம், பழுதானால் யார் வருவார்கள் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். குறை, ஆட்டுக்கொம்பு, எலி, நாய் நகம், முள் எல்லாமே இதற்கு எமன். நாலு பக்கமும் வேலியும் மேலே நிழலும் இல்லாமல் பை கலன் நிற்காது.

சொந்த இடம், செம்மண் நிலம், பழகிய கொத்தனார் மூன்றும் இருந்தால் தீனபந்து நல்லது. கொத்தனார் கிடைக்காவிட்டால் பை கலன். பழகாத கொத்தனாரை வைத்துக் கவிகை கட்டுவது மட்டும் கூடாது.

ஸ்லர்ரியின் உண்மை மதிப்பு

கலனிலிருந்து வெளியே வரும் கரைசலைத்தான் ஸ்லர்ரி என்கிறோம். சாணத்திலிருந்து வாயுவாகப் போவது பெரும்பாலும் கரிமப் பொருள். தழை, மணி, சாம்பல் சத்துகள் ஸ்லர்ரியிலேயே தங்கிவிடும்.

28 கிலோ சாணத்தில் உலர்பொருள் ஐந்தரைக் கிலோ இருக்கும். கால் பங்கு வாயுவாகப் போனாலும் நாலு கிலோ வெளியே வரும். வருடத்துக்கு ஒன்றரை டன் உலர்பொருள். அதில் 1.5 சதவீதம் தழைச்சத்து என்று வைத்தால் 22 கிலோ. யூரியாவில் சொன்னால் 48 கிலோ. ஒரு மூட்டைக்குச் சற்றே கூடுதல். 45 கிலோ யூரியா மூட்டையின் மானிய விலை 266.50 ரூபாய். எனவே, ஸ்லர்ரியால் உரச் செலவு ஆயிரக்கணக்கில் மிச்சமாகும் என்று சொல்வதை அப்படியே ஏற்க முடியாது.

ஆனால் யூரியா மூட்டையில் இல்லாத ஒன்று ஸ்லர்ரியில் இருக்கிறது. அது மண்ணுக்கு வேண்டிய மக்கு. செம்மண்ணில் கரிமச் சத்து குறைவு. தண்ணீர் நிற்காது, உரமும் நிற்காது. நிலக்கடலையும் முந்திரியும் போடும் மண்ணில் வருடந்தோறும் ஒன்றரை டன் உலர் மக்கு சேர்ந்தால், நாலைந்து வருடத்தில் மண்வெட்டி இறங்கும் விதத்திலேயே வித்தியாசம் தெரியும்.

வறட்டி தட்டி எரிக்கும்போது சாணத்தின் தழைச்சத்து முழுவதும் புகையோடு போகிறது. குப்பைக்குழி இல்லாமல் வெயிலில் குவித்துப் போட்டாலும் கணிசமான பகுதி காற்றில் கலந்துவிடுகிறது. கலன் வழியாகப் போனால் அடுப்பும் எரியும், நிலத்துக்கும் எரு சேரும். அதே சாணத்துக்கு இரண்டு வேலை.

ஸ்லர்ரியை வாய்க்கால் நீரோடு கலந்து விடலாம். தூரத்து நிலத்துக்குச் சுமக்க முடியாவிட்டால் இரண்டு குழி எடுத்து முந்திரிச் சருகு, கரும்புச் சோகையைப் பரப்பி அதன்மேல் ஸ்லர்ரியை ஊற்றி மாற்றி மாற்றி நிரப்பலாம். சருகு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மக்கிய பிறகு கூடையில் அள்ளலாம். விருத்தாசலத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி மண் பரிசோதனைக்கு வழி கேட்டு, அதன்படி மீதி உரத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது.

குஜராத்தும் நேபாளமும் காட்டும் வழி

குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில் முஜ்குவா, ஜகரியாபுரா ஆகிய ஊர்களில் தேசிய பால்வள வாரியம் வீடுதோறும் சிறிய கலன்களை அமைக்க உதவியது. அங்கே பெண்களின் கூட்டுறவு அமைப்பு ஸ்லர்ரியை விலைக்கு வாங்கி உரமாக்கி விற்கிறது. பால் ஊற்றினால் காசு வருவது போல ஸ்லர்ரிக்கும் காசு. நம் ஊர்ப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களும் மகளிர் குழுக்களும் எடுத்துச் செய்யக்கூடிய வேலை இது. ஒரு தெருவில் பத்துக் கலன் இருந்தால் கொத்தனாரையும் பழுது பார்ப்பவரையும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம்; செலவு தானாகக் குறையும்.

நேபாளத்தில் 1992இல் தொடங்கிய சாண எரிவாயு ஆதரவுத் திட்டம் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்குப் போனது. அங்கே மானியத்தைத் தரப் பரிசோதனையோடும், கட்டியவர் பின்னால் வந்து பழுது பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடும் இணைத்தார்கள். கலன் கட்டித் தருபவரிடம் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, மூன்று மாதம் வாயு ஒழுங்காக எரிந்த பிறகு கொடுப்பது என்று எழுதிக்கொண்டால், இந்தப் பாடத்தை நாமும் பயன்படுத்தலாம்.

அன்றாட நடைமுறை

முதல் நிரப்புதலுக்கு 1 கன மீட்டர் கலனுக்கு 800 முதல் 900 கிலோ சாணம் வேண்டும். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஓடிக்கொண்டிருக்கும் கலனிலிருந்து நாலைந்து வாளி ஸ்லர்ரி கொண்டுவந்து ஊற்றினால் நுண்ணுயிர்கள் சீக்கிரம் பெருகும். இரண்டு, மூன்று வாரத்தில் வாயு வரும்.

அதன்பின் தினமும் ஒரு பங்கு சாணத்துக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து கட்டியில்லாமல் கரைத்து ஊற்ற வேண்டும். கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு இருந்தால் கொட்டகை கழுவிய நீரையே பயன்படுத்தலாம். அதில் பினாயிலோ சோப்போ கலந்திருக்கக் கூடாது. மண்ணோடு வழித்த சாணத்தைப் போட்டால் மண் அடியில் தங்கிக் கலனின் கொள்ளளவு வருடா வருடம் குறையும். வைக்கோல் துண்டு மேலே ஆடையாகப் படர்ந்து வாயுவைத் தடுக்கும். கொட்டகைத் தரைக்குச் சிமெண்ட் பூச்சு இருந்தால் சாணம் சுத்தமாக வரும். உள்வாய்க்கு மெருகேற்றிய பீங்கான் குழாய் கிடைத்தால் போடலாம். சாணமும் கோமியமும் அதை அரிக்காது.

கலன் சமையல் அறைக்கு அருகிலும் குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளியும் இருக்க வேண்டும். வாயுக் குழாயைச் சரிவாகப் போட்டு, தாழ்வான இடத்தில் நீர் வடிக்கும் குழாய் வைக்க வேண்டும். சிலிண்டர் அடுப்பு இதற்குச் சரிவராது; சாண எரிவாயுவுக்கென்றே செய்த அடுப்பு வேண்டும்.

உயிர் விஷயம்

கலன் புதிதாக இயங்கும்போது முதலில் வரும் வாயுவில் காற்று கலந்திருக்கும். அதை எரிக்காமல் வெளியே விட்டுவிட வேண்டும். கசிவைச் சோப்பு நுரை தடவித்தான் பார்க்க வேண்டும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கக் கூடாது.

எக்காரணம் கொண்டும் கலனுக்குள் ஆள் இறங்கக் கூடாது. உள்ளே பிராணவாயு இருக்காது; நச்சு வாயு இருக்கும். இறங்கியவர் மயங்கினால் அவரைத் தூக்க இறங்குபவரும் மயங்குவார். சுத்தம் செய்ய வேண்டியிருந்தால் பயிற்சி பெற்றவர்களை அழைக்க வேண்டும். ஸ்லர்ரிக் குழிக்கு மூடியும் வேலியும் கட்டாயம். வீட்டில் குழந்தைகள் இருந்தால், வாயு அடுப்பு வாங்கும் முன்பே இதைச் செய்து முடிக்க வேண்டும்.

புகையின் விலை

காசுக் கணக்கில் வராத ஒரு வரவும் உண்டு. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அடுப்படியில் நிற்பவர்களும் அவர்கள் இடுப்பிலிருக்கும் குழந்தைகளும்தான் இதில் அதிகம் பாதிக்கப்படுகிறவர்கள். 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்பு கிடைத்தும், மறு சிலிண்டர் வாங்கக் காசில்லாமல் விறகுக்குத் திரும்பிய வீடுகள் உண்டு. அந்த வீடுகளில் மூன்று மாடு கட்டியிருந்தால், வாங்க வேண்டிய வாயு கொட்டகையிலேயே கிடக்கிறது.

இதே தொடர்பில் வந்த பிற கேள்விகள்

*தாத்தா காலத்துக் காதி மாடல் கலன் தோட்டத்தில் சும்மா கிடக்கிறது. திருப்பி ஓட்ட முடியுமா?*

பெரும்பாலும் முடியும். 1981-82இல் தேசியத் திட்டம் தொடங்கிய பிறகு கட்டிய பல கலன்களில் கெட்டுப்போனது மூடிதான். கிணறு போன்ற சுவர் நன்றாகவே இருக்கும். சுவரில் வெடிப்பு இல்லாவிட்டால் கண்ணாடி நார் மூடி மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அப்போது எட்டு மாடு இருந்திருக்கும், இப்போது இரண்டுதான் இருக்கும். முதலில் சாணத்தை நிறுத்துப் பார்த்த பிறகு மூடிக்கு விலை கேட்கலாம்.

*சிறிய பீங்கான் சூளை வைத்திருக்கிறோம். சாண எரிவாயுவில் சுட முடியுமா?*

விருத்தாசலம் பீங்கான் நகரம் என்பதால் இது நியாயமான கேள்வி. 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றுக்கு ஈடாக 42 கன மீட்டர் சாண எரிவாயு வேண்டும். அதற்கு ஒரு டன்னுக்கும் மேல் சாணம். நூறு மாட்டுக்கு மேல். வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரியாத கரியமில வாயு என்பதால் பீங்கானுக்கு வேண்டிய உயர்ந்த சூட்டை எட்டுவதும் கடினம். வீட்டுக் கலன் அடுப்புக்குத்தான், சூளைக்கு ஆகாது. தொழிலாளர்களுக்குத் தேநீர் போடவும் சமைக்கவும் பயன்படுத்தலாம்.

*முந்திரிப்பழக் கழிவையும் முந்திரி ஓட்டையும் கலனில் போடலாமா?*

பழத்தைச் சாணத்தோடு சிறிது சிறிதாகப் போடலாம். ஒரே நாளில் கூடை கூடையாகக் கொட்டினால் கலன் புளித்து வாயு நின்றுவிடும். நாளைக்கு ஒன்றிரண்டு கிலோவில் தொடங்கிப் பார்த்துக் கூட்ட வேண்டும். ஓடு கூடவே கூடாது. அதிலுள்ள எண்ணெய் நுண்ணுயிர்களுக்கு ஆகாது, ஓடும் செரிக்காது.

*மாட்டுக்கு ஊசி போட்ட நாளில் சாணம் போடலாமா?*

நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்து கொடுத்த மாட்டின் சாணத்தைச் சிகிச்சை முடிந்து ஒரு வாரம் வரை தனியே குப்பையில் போடுவது நல்லது. மருந்துக்கு மாட்டின் கிருமி எது, கலனின் நுண்ணுயிர் எது என்று தெரியாது.

*ஐப்பசி, கார்த்திகையில் வாயு குறைகிறதே?*

30 முதல் 35 டிகிரி வெப்பம்தான் கலனுக்குப் பிடித்தமானது. அடைமழையில் வாயு குறைவது இயல்பு. வெயில் காயும் நேரத்தில் வாளியில் தண்ணீர் வைத்துச் சூடேறிய பிறகு கரைக்கலாம். மழைநீர் கலனுக்குள் இறங்காமல் சுற்றிலும் மேடு கட்ட வேண்டும். தை பிறந்தால் பழைய அளவு வந்துவிடும்.

கேள்வி கேட்ட வாசகி முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். நாளைக் காலையிலிருந்து ஏழு நாள் சாணத்தை நிறுத்து எழுதிவைக்க வேண்டும். எட்டாவது நாள் அந்தத் தாளோடு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போனால், யாரும் பெரிய கலனைத் தலையில் கட்ட முடியாது.